பெக்வே தீவில் பத்து அறை விடுதி: அம்மாவையும் அழைத்துப் போகலாமா?

தாழ்வாரம் | 9 நவம்பர் 2024, இரவு 9.40

வணக்கம். டொராண்டோவில் வசிக்கிறேன். பிப்ரவரியில் மனைவி, அம்மா, நான் மூவரும் கரீபியன் பக்கம் எங்காவது போய் ஏழு இரவு சும்மா இருக்கலாம் என்று நினைக்கிறோம். சும்மா என்றால் சும்மாதான். நீச்சல் குளத்தில் கூத்து, சாயங்காலமானால் ஒலிபெருக்கி, கையில் வண்ணப் பட்டை, ஆறு வகைச் சாப்பாட்டுக்கு வரிசை, இவை எதுவும் வேண்டாம்.

அம்மாவுக்கு 68 வயது. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. வலது முழங்காலில் வலி உண்டு.

அலுவலகத்தில் ஒருவர் செயின்ட் வின்சென்டுக்குத் தெற்கே பெக்வே என்ற தீவைச் சொன்னார். எழுத்தைப் பார்த்து நான் 'பெக்கியா' என்று வாசித்தேன். அவர் சிரித்துவிட்டுத் திருத்தினார். பெரிய ஓட்டல்களே இல்லையாம், எல்லாம் பத்துப் பன்னிரண்டு அறை விடுதிகளாம். மனைவிக்கு ஆசை வந்துவிட்டது. எனக்குத்தான் பயம். பெரிய இடத்தில் அறை பிடிக்காவிட்டால் வேறு அறை கேட்கலாம். சின்ன விடுதியில் ஒன்று சரியில்லை என்றால் ஒரு வாரம் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமே? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | 10 நவம்பர் 2024, காலை 7.15

நான் எதிர்க்கட்சி. வயதானவர்களோடு போவதென்றால் எல்லாம் அடங்கிய பெரிய ரிசார்ட்டே உத்தமம். புறப்படும் முன்பே பணம் கட்டியாயிற்று, கணக்கு முடிந்தது. சின்ன விடுதியில் வாடகை ஒன்று, அதன் மேல் வரி, அதற்கும் மேல் சேவைக் கட்டணம், காலை உணவு உண்டா இல்லையா என்ற குழப்பம், வேளைக்கு வேளை பில். குட்டித் தீவில் வெங்காயம்கூடக் கப்பலேறித்தான் வர வேண்டும். அந்தக் கூலியும் உங்கள் தட்டில்தான் வந்து உட்காரும்.

போவதாகவே முடிவு செய்தால் ஒன்றை மட்டும் பாருங்கள். அங்கே புழங்குவது கிழக்குக் கரீபிய டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் மாறாமல் நிற்கிறது. விலைப்பட்டியலில் இருப்பது எந்த டாலர் என்று கேட்காமல் உட்கார்ந்துவிடாதீர்கள். கேட்காமல் உட்கார்ந்த ஒருவனை எனக்கு மிக நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

ஈரப்பலா | 10 நவம்பர் 2024, மாலை 4.02

தம்பி, நான் லண்டனில் இருந்து போய் பெக்வேயில் ஒன்பது இரவு தங்கினேன். 2023 மார்ச். சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

தீவு மொத்தமே 18 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ ஐயாயிரம் பேர். செயின்ட் வின்சென்ட் தீவின் ஆர்கைல் விமான நிலையத்தில் இறங்கி, கிங்ஸ்டவுன் துறைமுகத்துக்கு டாக்சியில் வந்து, அங்கிருந்து ஃபெரியில் ஒரு மணி நேரம். ஃபெரி என்றதும் சுற்றுலாப் படகை நினைக்காதீர்கள். எங்களோடு வந்தவை ஒரு சிமெந்து லொறி, எரிவாயு சிலிண்டர்கள், யாரோ புதிதாக வாங்கிய மெத்தை, முட்டைத் தட்டுகள், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலின் நடுவில் அலை கொஞ்சம் தூக்கிப் போடும். அம்மாவைப் பின்பக்கம், கீழ்த்தளத்தில் உட்கார வையுங்கள். அட்மிரல்டி குடாவுக்குள் படகு திரும்பியதும் யாரோ கையால் தடவிவிட்டதுபோல் கடல் அடங்கிவிடும்.

போர்ட் எலிசபெத் என்ற சிற்றூர் கரையிலேயே இருக்கிறது. வாதுமை மரத்தடியில் டாக்சிகள் நிற்கும். டாக்சி என்பது பின்னால் இரண்டு பெஞ்சும் மேலே கூரையும் போட்ட பிக்கப் வண்டி. முழங்கால் வலிக்காரர் முன்சீட்டில் ஏறுவதே நல்லது.

இனி விடுதி. நாங்கள் இருந்ததில் ஒன்பது அறைகள். வரவேற்பறை என்று ஒன்றுமில்லை. ஒரு மேசை, அதன் மேல் தடித்த கொப்பி, பக்கத்தில் உறங்கும் நாய். அறையில் ஏசி இல்லை. அதற்குப் பதிலாக மரச் சட்டங்கள் சாய்த்து அடித்த ஜன்னல்கள், கட்டிலைச் சுற்றி நுளம்பு வலை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. முதல் இரவு 'காசு கொடுத்து இதற்கா வந்தோம்' என்று என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டாம் இரவு போர்வை கேட்டார். கிழக்கிலிருந்து வரும் காற்று ஒரு நிமிடம் ஓய்வதில்லை.

தண்ணீர் விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். தீவில் ஆறு கிடையாது. வீட்டுக்கு வீடு கூரையில் விழும் மழையைப் பீலி வைத்து நிலத்தடித் தொட்டியில் சேர்க்கிறார்கள். ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. குளியலறையில் 'சோப்புப் போடும்போது குழாயை மூடுங்கள்' என்று சிறிய பலகை தொங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றில் வாளி போட்டு வளர்ந்த எனக்கு அது சொந்த வீட்டு அறிவிப்பு மாதிரி இருந்தது. நீள நேரம் ஷவரில் நிற்பவர்களுக்குக் கோபம் வரும்.

சாப்பாடு: அம்மா பட்டினி கிடக்க மாட்டார், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கலலூ சூப் என்பது சேம்பிலைக் கீரை மசியல் போலத்தான், ஆனால் பல இடங்களில் உப்புப் பன்றி இறைச்சி போட்டிருக்கும். கேட்காமல் வாயில் வைக்க வேண்டாம். ஈரப்பலாக்காய், வாழைக்காய், சேம்பு, வற்றாளைக் கிழங்கு, துவரை, சௌசௌ எல்லாம் துறைமுகத்துக்கு அருகே ராஸ்தாக்காரர்கள் (சடைமுடி வளர்க்கும் ஒரு கரீபியச் சமயத்தார்) நடத்தும் சந்தையில் கிடைக்கும். ராஸ்தாக்களில் பலர் சைவம். அவர்கள் 'ஐட்டல்' என்று சொல்லும் சமையலில் பெரும்பாலும் உப்பே இருக்காது. அம்மாவின் ஊறுகாய்ப் போத்தலை மறக்காதீர்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். சின்ன விடுதியில் ஒன்று சரியில்லை என்றால் மேசைக்குப் போய் முறையிட முடியாது. மேசையில் ஆள் இருக்காது. குசினி வாசலுக்குப் போய் முதலில் 'குட் மார்னிங்' சொல்ல வேண்டும். அங்கே வணக்கம் சொல்லாமல் நேராகத் தேவையைக் கேட்பது பெரிய மரியாதைக் குறைவு. இருட்டிய பிறகு சந்தித்தால் 'குட் நைட்' என்பதே வரவேற்பு. விடைபெறுகிறார்கள் என்று நினைத்து நான் இரண்டு முறை திரும்பி நடந்திருக்கிறேன்! வணக்கம் சொல்லிவிட்டால் வேலை நடக்கும். உடனே அல்ல. நடக்கும்.

எட்டாம் எண் | 11 நவம்பர் 2024, இரவு 11.30

ஈரப்பலா அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு அமைந்தது வேறு. அதே தீவு, வேறு விடுதி, பெயர் வேண்டாம். இணையத்தில் 'கடலைப் பார்த்த அறை' என்றார்கள். கடல் தெரிந்தது உண்மை, கழுத்தை இடப்பக்கம் ஒடித்துப் பார்த்தால். 'சில படிகள்' என்றார்கள். மலைச்சரிவில் 74 படிகள். ஏப்ரல் கடைசியில் போனோம், மூன்றாம் நாள் தொட்டி வற்றிவிட்டது. லாரித் தண்ணீர் வரும்வரை ஒன்றரை நாள் வாளியில் குளித்தோம். உரிமையாளர் ஊரில் இல்லை. சமையற்காரம்மா பாவம், எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்; அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? பெரிய ஓட்டலில் கோபப்படவாவது ஒரு மேலாளர் இருப்பார்.

தாழ்வாரம் | 12 நவம்பர் 2024, காலை 8.05

74 படிகளா! அம்மாவுக்கு அது திருச்சி மலைக்கோட்டை.

மீன்கொத்தி | 12 நவம்பர் 2024, பிற்பகல் 1.20

பாய்மரப் படகில் வேலை பார்த்தவன், அந்தக் கடலில் ஆறு பருவங்கள். அறையைத் தேர்ந்தெடுக்கும் முன் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அங்கே வியாபாரக் காற்று ஆண்டு முழுவதும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வீசும். டிசம்பர், ஜனவரியில் இன்னும் வலுக்கும். 'கிறிஸ்துமஸ் காற்று' என்பார்கள். ஆகவே தீவின் கிழக்குப் பக்கம் அலையடிக்கும் பக்கம், மேற்கு காற்று மறைந்த பக்கம். அட்மிரல்டி குடா, பிரின்சஸ் மார்கரெட் கடற்கரை, லோயர் பே மூன்றும் மேற்கில். வயதானவர் இடுப்பளவு நீரில் நிம்மதியாக நிற்கலாம். கிழக்கில் ஹோப் பே போன்ற இடங்களைப் பார்த்து ரசியுங்கள், இறங்காதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து கரீபியன் கரைகளில் குவிகிறது. அழுகினால் கூமுட்டை நாற்றம். அது பெரும்பாலும் காற்றடிக்கும் கிழக்குக் கரையில்தான் ஒதுங்கும். கோடையில் அதிகம், பிப்ரவரியில் குறைவு என்றாலும் கிழக்குப் பக்க விடுதியானால் கேட்டுவிடுங்கள்.

ஆனால் மேற்குப் பக்கத்தில் ஒரு சிக்கல்: குன்று காற்றை மறைத்துவிட்டால் ஏசி இல்லாத அறை வெந்துவிடும். தரைத்தள அறை வேண்டாம் என்பேன், அம்மாவின் முழங்காலுக்கோ தரைத்தளம்தான் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று: கிழக்கு, மேற்கு இரு சுவரிலும் ஜன்னல் உள்ள அறையா என்று கேளுங்கள். அந்தி நேரத்தில் மணல் ஈ கடிக்கும், கண்ணுக்கே தெரியாது. கணுக்காலுக்கு எண்ணெய் தடவுங்கள்.

மேன்ச்சினீல் மரம் என்று ஒன்று கடற்கரையில் நிற்கும். குட்டி ஆப்பிள் மாதிரிப் பச்சைக் காய். தின்றால் ஆபத்து, பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கக் கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீரே போதும். பல இடங்களில் அடிமரத்தில் சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள்.

அப்புறம், ராணுவ உடை மாதிரி பச்சைத் திட்டுப் போட்ட துணி எதையும் எடுத்துப்போகாதீர்கள். பொதுமக்கள் அணிவது அந்நாட்டில் சட்டப்படி குற்றம். குழந்தைகளின் தொப்பியும் இதில் சேர்த்தி.

சங்குப்பூ | 12 நவம்பர் 2024, மாலை 6.48

ஜூலையில் புயல் அடித்ததே, அந்தப் பக்கம் இப்போது போகலாமா?

மீன்கொத்தி | 12 நவம்பர் 2024, மாலை 7.10

பெரில் புயல், 2024 ஜூலை 1. நேராக அடிபட்டது தெற்கே கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூவும், அதை அடுத்த யூனியன் தீவும். யூனியன் தீவில் கூரை தப்பிய வீடு அபூர்வம். பெக்வேயில் சேதம் அதைவிடக் குறைவு. பிப்ரவரி புயல் பருவம் அல்ல. அது ஜூன் முதல் நவம்பர் வரை. போவதில் தவறில்லை, போனால் அவர்களுக்கும் நாலு காசு.

பூவரசு | 13 நவம்பர் 2024, காலை 10.30

அங்கே ரொட்டிக்குள் உருளைக்கிழங்கும் கொண்டைக்கடலையும் வைத்து மடித்துத் தருவார்கள், பிரமாதம். நம் மதராஸ்காரர்கள் கொண்டுபோனது என்று கேள்விப்பட்டேன்!

பழஞ்சுவடி | 13 நவம்பர் 2024, பிற்பகல் 12.15

பாதி சரி. மதராஸ்காரர்கள் போனது உண்மை. 1838-ல் அடிமைகள் முழு விடுதலை பெற்ற பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் கூலிகளாக ஏறத்தாழ 260 பேரை ஏற்றிக்கொண்டு மதராசிலிருந்து புறப்பட்ட 'திருவாங்கூர்' என்ற கப்பல் 1861 ஜூன் 1 அன்று செயின்ட் வின்சென்ட் கரையை அடைந்தது. 1880 வரை எட்டுக் கப்பல்கள், இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர். ஜூன் 1 இன்றும் அங்கே இந்தியர் வருகை நாள். மொழி நிலைக்கவில்லை.

ரொட்டி வேறு கதை. பருப்பு வைத்துத் தேய்க்கும் அந்த ரொட்டி வட இந்தியப் போஜ்புரிக்காரர்களுடையது, டிரினிடாட் வழியாகப் பரவியது. நம் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

பெக்வேயின் கிழக்குக் குன்றில் நின்றால் பாலிசோ என்ற ஆளில்லாத தீவு தெரியும். செயின்ட் வின்சென்டின் பூர்வகுடிகளும் ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவானவர்கள் கரிஃபுனா மக்கள். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1796-97-ல் அங்கே அடைத்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேர் நோயிலும் பசியிலும் இறந்தார்கள். மிஞ்சியவர்களை ஹோண்டுராஸ் பக்கம் ரொவாட்டான் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். ஓய்வெடுக்கப் போகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். கண்ணெதிரே இருக்கும்போது சொல்லாமல் விடுவது சரியாகப்படவில்லை.

சங்குப்பூ | 13 நவம்பர் 2024, இரவு 8.00

திமிங்கிலம் கொல்லும் தீவு இதுதானே? பிப்ரவரியில்தான் அந்த வேட்டை தொடங்கும். சுத்த சைவ அம்மாவை அங்கேயா அழைத்துப்போவது?

மீன்கொத்தி | 13 நவம்பர் 2024, இரவு 8.25

சர்வதேச திமிங்கில ஆணையம் அவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு வரை அனுமதி தந்திருக்கிறது. பாய்மரப் படகில் போய்க் கையால் ஈட்டி எறியும் பழைய முறை. பல ஆண்டுகளில் ஒன்றுகூடக் கிடைக்காது. நம் தட்டில் இருக்கும் கோழி எப்படிச் செத்தது என்று முதலில்…

சங்குப்பூ | 13 நவம்பர் 2024, இரவு 8.31

நான் கோழியும் சாப்பிடுவதில்லை. கோழியைக் கொண்டுவந்து திமிங்கிலத்தை மறைக்காதீர்கள்.

மட்டுறுத்துனர் | 13 நவம்பர் 2024, இரவு 9.00

இதற்குப் பின் வந்த பதினான்கு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே விடுதியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

தாழ்வாரம் | 20 நவம்பர் 2024, இரவு 10.10

பதிவு செய்துவிட்டேன்! பெல்மாண்ட் நடைபாதைக்கு அருகே, மேற்குப் பக்கம், பத்து அறைகள். அக்கா சொன்னபடி முதல் வரியில் நலம் விசாரித்து, மீன்கொத்தி சொன்னபடி இருபக்க ஜன்னல், தொட்டியில் தண்ணீர், படிகள் என்று கேட்டு எழுதினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் ஒரே வரி: 'அம்மாவுக்கு எது பிடிக்கும்?' படிகளைப் பற்றி மூச்சில்லை. மறுபடி கேட்டேன், 'சில' என்றார்கள். எட்டாம் எண் அவர்களே, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை | 21 நவம்பர் 2024, காலை 7.02

ரத்து செய்தால் பணம் திரும்புமா என்று பார்த்தீர்களா?

தாழ்வாரம் | 21 நவம்பர் 2024, காலை 7.40

முப்பது நாளுக்கு முன் என்றால் பாதி. பார்த்துவிட்டேன், கணக்கரே.

தாழ்வாரம் | 2 மார்ச் 2025, மாலை 5.15

வந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

சும்மா இருக்கப் போகிறோம் என்று வீறாப்புப் பேசியவன் நான். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு எனக்குக் கை நடுங்காத குறை. கடல் பார்த்தாயிற்று, குளித்தாயிற்று, இனி என்ன? வைஃபை வராந்தாவின் ஒரே தூணுக்கருகில் மட்டும் வரும். அந்தத் தூணோடு தூணாக நின்றேன். மனைவி ஒரு புத்தகத்தோடு பிரின்சஸ் மார்கரெட் கடற்கரைக்குப் போய்விட்டாள். கடலுக்குள் நீண்ட குன்றின் மேல் ஏறி இறங்கும் பாதை, அவளுக்கு இருபது நிமிடம்.

யாருக்காகக் கவலைப்பட்டேனோ அவர் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தார். (அக்கா, சொல் உங்களுடையது.) அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். சமையற்காரம்மாவின் ஆங்கிலமோ எனக்கே பாதிதான் புரிந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு முறம் பச்சைத் துவரங்காய். பிப்ரவரி அங்கே துவரைக் காலம். அம்மா கட்டைவிரல் நகத்தால் காயைக் கீறி, ஒரே இழுப்பில் மணிகளைக் கிண்ணத்தில் தள்ளிக்கொண்டிருந்தார். சமையற்காரம்மா நுனியை ஒடித்து நாரோடு உரித்தார். யாருடைய முறை வேகம் என்று இருவருக்குள்ளும் சொல்லாத போட்டி. நான் போய் 'என்ன செய்கிறாய்?' என்று கேட்டதற்கு, 'குட் மார்னிங் சொல்லிவிட்டுப் பேசு' என்றார் அம்மா.

ஈரப்பலாவை முழுதாகக் கரி அடுப்பில் போட்டுச் சுடுகிறார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் திருப்பித் திருப்பி விட, தோல் கருகி வெடித்து ஆவி வரும். கரியைச் சீவினால் உள்ளே வெளிர்மஞ்சள். 'சுட்ட பலாக்கொட்டை வாசம்' என்றார் அம்மா. ஊறுகாய் வைத்துச் சாப்பிட்டார். நான்காம் நாள் அந்த ஊறுகாய்ப் போத்தல் அடுக்களை அலமாரிக்குக் குடிபோய்விட்டது.

குறைகளும் உண்டு. ஒரு இரவு மின்சாரம் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. சேவல்கள் விடியலுக்குக் காத்திருப்பதில்லை, இரண்டரைக்கே தொடங்கிவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. மனைவியின் தலைவலி மாத்திரைக்கு விடுதி விடுதியாக அலைந்தேன். வெளியே சாப்பிட்ட பில்கள் கணக்குப்பிள்ளை எச்சரித்த இடத்துக்கே வந்து நின்றன. எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன்.

பிடித்துப்போன ஒன்று. பானங்கள் வைத்த அலமாரிக்கு ஆள் கிடையாது. நாமே எடுத்துக்கொண்டு, அறை எண் போட்டு நோட்டில் எழுதிவிட வேண்டும். கடைசி நாள் கணக்குப் பார்த்தபோது எங்கள் பக்கத்தில் தமிழில் ஒரு வரி: 'இளநீர் 11'. உரிமையாளர் அது எந்த மொழி என்று கேட்டார். நான் பழஞ்சுவடி சொன்ன கப்பலைச் சொன்னேன். அவருடைய பாட்டியின் தாயார் வழியில் இந்தியர் உண்டாம், எந்த ஊர் என்று தெரியாதாம். அம்மாவிடம் அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 'இ-ள-நீ-ர்' என்று அம்மா சொல்ல, அவர் 'ள'வில் தடுக்கி மூன்று முறை முயன்றார். டொராண்டோவில் வளரும் என் அக்கா பிள்ளைகளுக்கும் அந்த எழுத்தில்தான் தடுக்கும்.

ஈரப்பலா | 2 மார்ச் 2025, இரவு 8.50

ஊறுகாய் போனது நல்ல இடத்துக்குத்தான். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் தம்பி.

சென்னைக்கும் அந்தத் தீவுக்கும் அட்சரேகை கிட்டத்தட்ட ஒன்று, 13 பாகை வடக்கு. அங்கே சூரியன் மறைந்து ஒன்பதரை மணி நேரம் கழித்து அவர் ஊரில் அன்றைய அந்தி என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை | 3 மார்ச் 2025, காலை 6.55

கணக்கு இடிக்கிறது அக்கா. சென்னையில்தான் முதலில் மறையும், ஒன்பதரை மணி நேரத்துக்கு முன்பே.

ஈரப்பலா | 3 மார்ச் 2025, காலை 9.10

சரிதான், தலைகீழாக எழுதிவிட்டேன். நீங்கள் இருக்கும்வரை எங்களுக்கென்ன கவலை.

எட்டாம் எண் | 3 மார்ச் 2025, இரவு 11.05

எல்லாம் எழுதினீர்கள், படிகளைச் சொல்லவில்லையே?

தாழ்வாரம் | 4 மார்ச் 2025, காலை 7.30

பதினேழு. அம்மா எண்ணியது. இறங்கும்போது பதினாறு என்கிறார்.